எழுபத்திரண்டில் ஒரு பங்கு

கோவில்பட்டியிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தில் கேள்வியைக் காட்டிலும் வருத்தமே மிகுதியாக இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் தம் புதல்வன் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி யுத்த விமானம் செய்வதில் வாரக்கணக்காகப் பொழுதைப் போக்குகிறான் என்றும், எல்லா உறுப்புகளும் அச்சில் வார்த்தே பெட்டியில் வந்துவிடும்போது அதில் செய்வதற்கு அப்படி என்னதான் இருக்கிறது என்றும் கேட்கிறார். ஒட்டுவதற்கு இரண்டொரு மாலைப் பொழுது போதும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டி முடித்தபின் கையில் இருப்பது விமானத்தின் வடிவுடைய ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டிதான். அதை விமானம் என்று கண் நம்பும்படி செய்யும் வேலை அதன் பிறகே ஆரம்பமாகிறது.

இத்தகைய பெட்டிகள் பலவற்றின்மேல் 1/72 என்று அச்சிட்டிருக்கும். ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கும் இவ்விகிதத்தில் இங்கிலாந்தின் 'ஃபிராக்' கம்பெனியார் 1936-லேயே பிளாஸ்டிக் மாதிரிகளை வெளியிட்டார்கள். 1942-ல் அமெரிக்கக் கடற்படை, தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் இதே விகிதத்தில் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரும்படி கேட்டது. 35 அடி தூரத்தில் வைத்த மாதிரி, ஏறத்தாழ அரை மைல் தொலைவிலுள்ள நிஜ விமானத்தின் அளவாகவே கண்ணுக்குப் படும் ஆதலால், வருவது சொந்த விமானமா சத்ரு விமானமா என்று நொடிப்பொழுதில் நிச்சயிக்க வீரர்களைப் பழக்குவதற்கு அவை உதவின.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 'நாட்' விமானத்தை. போர் விமானங்கள் ஆண்டுக்காண்டு கனத்துக்கொண்டே போவதை வெறுத்த பெட்டர் என்னும் ஆங்கிலேய நிபுணர் வகுத்து, 1955 ஜூலையில் முதன்முறை பறந்து, தாய்நாட்டு விமானப்படை போர் விமானமாக ஏற்க மறுத்த பின், பெங்களூர் இந்துஸ்தான் தொழிற்சாலையில் நம்மவர் கையால் உருவாகி, 1965, 1971 போர்களில் பெயர் பெற்ற விமானம் அது. 1971 டிசம்பர் 14-ம் தேதி ஸ்ரீநகர் வானில் எதிரிப்படையின் ஆறு சேபர் விமானங்களைத் தனியொருவராக எதிர்த்து உயிர்நீத்து, பரமவீர சக்ரம் பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியது இதைத்தான். இறக்கையின் நுனிக்கு நுனி ஏழு மீட்டர்கூட இல்லாத அந்தச் சிறிய விமானம் 1/72-ல் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வந்து உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆங்கிலேயர் தமக்கென்று வைத்துக்கொண்டது இரண்டு ஆசனமுள்ள பயிற்சி விமானத்தை. அவர்களுடைய சாகசக் குழு பறந்த அந்தச் சிவப்பு விமானம்தான் வெகுகாலம் கடைகளில் எளிதாகக் கிடைத்தது. அது நீளத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதல், இறக்கையும் பெரிது. ஆகையால் அதை வாங்கி ஓர் ஆசனத்தை மறைத்துவிட்டால் நம் 'நாட்' ஆகிவிடாது.

ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இதற்கான பசை மற்றப் பசைகளைப் போல இரண்டு பரப்புகளுக்கு நடுவே நின்று பிடிப்பதன்று. பிளாஸ்டிக்கையே சிறிது கரைத்து ஒன்றோடொன்று கலக்கச்செய்து, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. விளிம்பில் தொட்டு வைத்தால் இணைப்பு நெடுகத் தானே ஓடிப் பரவும். மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானமாதலால், உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன் மூக்கினுள்ளே தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைப் பதித்துவிட வேண்டும்; இல்லையேல் எல்லாம் முடிந்து மேஜைமேல் நிறுத்தும்போது வால் தரையில் படிய உட்கார்ந்துகொள்ளும். பிறகு இணைப்புகளுக்குப் பட்டி வைத்து, நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் கொல்லன் வேலை முடிந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிரியமான விசித்திரம். விமானத்தை 72-ல் 1 பங்காகச் சுருக்கலாம். ஆனால் வர்ணத்தைச் சுருக்க முடியாது, வெளிச்சத்தைச் சுருக்க முடியாது, பார்க்கிறவன் கண்ணையும் சுருக்க முடியாது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசிய வர்ணம், நிஜ விமானத்தின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனமாகிறது. சுவருக்குச் சாந்து பூசியதற்குச் சமானம். உலோகத் தகடுகள் கூடுமிடத்தில் நிஜமாக இருக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கணக்குப்படி தலைமயிரைவிட மெல்லியதாகிவிட வேண்டும். அவ்வளவு மெல்லிய கோட்டை எந்த அச்சிலும் வார்க்க இயலாமையால் பெட்டிக்காரர்கள் பல மடங்கு அகலமாகவே கீறித் தருகிறார்கள். கணக்கில் அது பொய்தான்; ஆயினும் அந்தக் கோடுகளை அடைத்துவிட்டால் விமானம் சோப்புக்கட்டியைப் போல மொழுக்கென்று தோன்றுகிறது.

நிறத்தின் கதை இன்னும் விநோதமானது. விமானப்படை உபயோகித்த அதே வர்ணத்தை, அதே டப்பாவிலிருந்து எடுத்து மாதிரியின்மேல் பூசினாலும் அது நிஜத்தைவிடக் கறுத்துத் தோன்றும். ஓர் அடி தூரத்தில் வைத்து மாதிரியைப் பார்க்கிறவன், உண்மையில் 72 அடிக்கு அப்பால் நிற்கும் விமானத்தைப் பார்ப்பதாகப் பாவனை செய்கிறான். இடையிலுள்ள காற்றும், திறந்தவெளியின் சூரியப் பிரகாசமும் நிறத்தை வெளிறச் செய்யும் காரியம், அறைக்குள் விளக்கடியில் நடப்பதில்லை. 72 அடிக் காற்று நிறத்தை எவ்வளவு மாற்றிவிடும் என்று ஆட்சேபிப்பவர்களும் உண்டு. இந்த விவாதம் மாதிரி செய்பவர்கள் நடுவே ஓய்ந்தபாடில்லை. என் கட்சி, சிறிது வெள்ளை கலக்க வேண்டும் என்பதே. சிறுவயதில் எங்களூர்த் திருவிழா நாடகத்தில் கொட்டகைக்குப் பின்புறம் புகுந்து ராஜபார்ட் நடிகரைப் பார்த்திருக்கிறேன். கன்னத்தில் அப்பிய சிவப்பும் கரிக்கோலால் தடித்த புருவமும் அருகே அச்சமூட்டின, அதே முகம் மணலில் அமர்ந்து பார்த்தபோது சௌந்தரியமாக இருந்தது. தூரத்துக்காக அவர் நிறத்தைக் கூட்டினார்; தூரத்தைப் பாவனை செய்வதற்காக மாதிரிக்காரன் நிறத்தைக் குறைக்கிறான். சக்கரத்தின் ரப்பருக்குக்கூடத் தேர்ந்தவர்கள் சுத்தக் கறுப்பைத் தொடுவதில்லை, கரும்சாம்பல்தான். இதற்கு விலக்கு, வெள்ளி மேனி. 'நாட்' போன்ற விமானங்களின் பூச்சில்லாத அலுமினியத் தோற்றத்தைக் கொண்டுவர, முதலில் கண்ணாடி போல மின்னும் கறுப்பைப் பூசி, அதன்மேல் உலோகத்துகள் கலந்த வர்ணத்தை ஏர் பிரஷ்ஷால் பனித்துளியாகத் தூவுகிறார்கள். அடியில் கறுப்பில்லாத வெள்ளி, வெறும் வெள்ளைச் சாம்பலாகவே நின்றுவிடுகிறது.

காவியும் வெள்ளையும் பச்சையுமான வட்டச் சின்னங்களை நீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சொரசொரப்பான பரப்பின்மேல் ஒட்டினால் அடியில் காற்று சிறைப்பட்டுச் சின்னத்தைச் சுற்றி வெண்மையாகப் பளபளக்கும். ஆகவே முதலில் மினுமினுக்கும் வார்னிஷ், பிறகு சின்னம், தேவையானால் அதன்மேல் மங்கல் வார்னிஷ் என்பது கிரமம். இறுதியாக, நீர்க்கத் தின்னரில் கரைத்த கரிய வர்ணத்தைக் கோடுகளில் ஓடவிட்டு, மிகுந்ததைக் காற்று ஓடும் திசையிலேயே, அதாவது மூக்கிலிருந்து வாலுக்கு, துடைத்தெடுப்பார்கள். இந்த அழுக்கு வேலையில் இப்போது ஒரு மிகைநாட்டம் பரவியிருக்கிறது. நாள்தோறும் துடைத்துப் பராமரிக்கப்பட்ட விமானத்தை, ஆற்றில் கிடந்து எடுத்ததைப் போலத் துருவேற்றி வைத்துப் பெருமை கொள்கிறார்கள். அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை என்ற சாமானிய ரசாயனமாவது அவர்களுக்கு நினைவிருக்கலாம்.

இவ்வளவு ஜாக்கிரதையும் மூலம் கைவசம் இருந்தால்தான் பயன்படும். எந்த ஸ்குவாட்ரன், எந்த ஆண்டு, வாலில் என்ன எண், எந்தத் தகடு மாற்றப்பட்டு வேறு நிறமாக இருந்தது என்பதற்கெல்லாம் மங்கிய புகைப்படங்களை விட்டால், எஞ்சியிருக்கும் விமானங்களே சாட்சி. நம் நாட்டில் ஓய்வுபெற்ற போர் விமானங்கள் பூங்காக்களிலும் கல்லூரி வாயில்களிலும் மேடையிட்டு நிறுத்தப்பட்டிருக்கின்றன; நிறுத்தியவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விழா வரும்போதெல்லாம் கேட்டுக்கும் கிராதிக்கும் வாங்கிய எனாமலில் மிஞ்சியதை விமானத்தின்மேலும் பூசிவிடும் வழக்கம் இருக்கிறதே, அது அந்த விமானத்தின் சரித்திரத்தை அழிக்கிற காரியம். ஒரு நகரின் பூங்காவில் நான் கண்ட ஒன்றில், தகடுகளின் இணைப்பும் ஆணிகளின் வரிசையும் நீலப் பூச்சுக்கடியில் புதைந்துபோய், வாலில் எண் இருந்த இடமே தெரியவில்லை. அதைப் பார்த்து மாதிரி செய்யும் பையன் அந்த நீலத்தையே மெய்யென்று கொள்வான்.

அவ்விமானங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் நகராட்சியாரையும் கல்லூரித் தலைவர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த முறை வர்ணக்காரரை ஏணியில் ஏற்றுவதற்கு முன், விமானத்தின் நான்கு பக்கங்களையும் எண்ணையும் சின்னங்களையும் புகைப்படம் எடுத்து வையுங்கள்; சரியான நிறம் எது என்று விமானப்படைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்; பதில் வரும்வரை டப்பாவைத் திறக்காதிருங்கள்.