பென் டிரைவில் ஏறாத புத்தகங்கள்

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, பள்ளி நூலகத்துக்காக வீட்டுக் கணினியில் ஒரு பட்டியல் தயாரித்தாள். எந்தப் புத்தகம், யார் எழுதியது, யார் எடுத்துப்போனார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. தரவுத்தளம் அமைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸ் என்ற மென்பொருளில் செய்திருந்தாள். டெஸ்க்டாப்பில் தெரிந்த அதன் குட்டிப் படத்தைப் பென் டிரைவுக்குள் இழுத்துப் போட்டு எடுத்துப்போனாள். பள்ளியில் அது திறக்கவே இல்லை. இரண்டு வார வேலை போச்சே என்று அழுதுகொண்டே வந்தாள்.

ஒன்றும் போகவில்லை, கண்ணுகளா! அந்தப் படத்தின் மூலையில் குட்டியாக ஓர் அம்புக்குறி இருந்தது. அது ஷார்ட்கட். அதற்குள் ஒரு புத்தகத்தின் பெயர்கூடக் கிடையாது; பட்டியல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் உண்டு. பெரும்பாலும் ஓரிரு கிலோபைட்தான் இருக்கும். பள்ளிக் கணினியில் அந்த முகவரியில் தேடினால் எதுவும் இருக்காதே! ஷார்ட்கட்டை அழித்தாலும் அசல் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. அசலை எடுத்துப்போனாள், பட்டியல் திறந்தது.

இன்னொரு சந்தேகம் வரலாம். கோப்பை இரண்டு முறை தட்டியதும் சரியான மென்பொருள் எப்படி ஓடிவருகிறது? விண்டோஸ் கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பார்க்கும். 'ஓடிபி' என்றால் பேஸ், 'ஏசிசிடிபி' என்றால் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்று ரெஜிஸ்ட்ரி என்ற தன் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கும். குறிப்பு இல்லையென்றால், எதில் திறக்கட்டும் என்று நம்மையே கேட்கும். ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்' போய் நாமே சொல்லியும் வைக்கலாம்.

ஆனால் புள்ளிக்குப் பின்னால் வெறும் 'டிபி' என்று மட்டும் இருக்கும் கோப்புகளில் கவனம் தேவை. பலவகைக் கோப்புகள் அந்தப் பெயரைச் சூடிக்கொள்கின்றன. நம் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தால் உள்ளே துவரம்பருப்பு இருக்குமே, அதுபோலத்தான். பின்னால் உள்ள எழுத்துகளை மாற்றினாலும் உள்ளிருப்பது மாறாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எட்டிப் பார்க்கப் பிடிக்கும். கைபேசிச் செயலிகள் பலவும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில்தான் தகவல்களைச் சேமிக்கின்றன. அப்படியொரு கோப்பு கிடைத்தால் முதலில் ஒரு நகல் எடுங்கள். நகலை நோட்பேடில் திறங்கள். ஏதேதோ கிறுக்கல்கள் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் மட்டும் 'எஸ்க்யூலைட் ஃபார்மட் 3' என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கும். கோப்பின் முதல் 16 பைட்டுகளில் அந்தப் பெயர் பதிந்திருக்கிறது. பார்த்ததும் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். நோட்பேடில் சேவ் செய்தால் கோப்பு கெட்டுப்போகும்.