2020இன் ரூபா 5,000 கொரோனா நிவாரணம்: பெயர் எந்தப் பட்டியலில் இருந்தது?

கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் முதல் தொழில் இழந்த குடும்பங்களுக்கு, ஏப்ரல், மே மாதங்களுக்கென அரசாங்கம் ரூபா 5,000 வீதம் வழங்கியது. சமுர்த்தி பெறுவோர், அதற்குக் காத்திருப்போர், 70 வயது கடந்த முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருடன் நாளாந்த வருமானம் இழந்தோரும் இதில் அடங்கினர். கரைவலை இழுப்போரும் மருதமுனைக் கைத்தறி நெசவாளரும் "எங்களுக்குச் சமுர்த்தி இல்லையே" என்று ஒதுங்கிவிட வேண்டியிருக்கவில்லை.

பட்டியல் கிராம சேவகர் பிரிவு வாரியாகத் தயாரானது. 2004 சுனாமிக்குப் பின் கடற்கரையை விட்டு வீட்டுத்திட்டங்களில் குடியேறியோர் இதனைக் கவனிக்க வேண்டியிருந்தது. வாழ்வது ஒரு பிரிவில், பதிவு பழைய பிரிவில் என்றிருந்தால், இரு பட்டியல்களிலும் பெயர் விடுபட வாய்ப்பிருந்தது.

அப்போது செய்ய வேண்டியிருந்தவை:

1. அப்போது வாழ்ந்த பிரிவின் கிராம சேவகரிடமோ சமுர்த்தி உத்தியோகத்தரிடமோ தங்கள் பெயர் உள்ளதா எனக் கேட்பது.

2. இல்லையெனில் தேசிய அடையாள அட்டை, குடும்ப விபரம், வீடு கையளிக்கப்பட்ட கடிதம் ஆகியவற்றைக் காட்டுவது. பழைய பிரிவில் பணம் பெறவில்லை என்பதையும் சொல்வது.

3. மறுக்கப்பட்டால், காரணத்தைக் கேட்டறிந்து பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறையிடுவது. திகதியிட்ட பிரதியொன்றை வைத்திருப்பது.

இத்தா இருந்த பெண்களும் நடமாட முடியாத முதியோரும் தொலைபேசி மூலமோ உறவினர் மூலமோ அறிவிக்க முடிந்தது. பெயர் பதிய எவருக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.