சாட்டோபெக் வீட்டுக்குள் ஒரு எட்டு!

சத்தம் போடாமல் என் பின்னால் வாருங்கள், கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டப்புயல் எமில் சாட்டோபெக் வீட்டுக் குளியலறை இது. தொட்டி நிறைய அழுக்குத் துணி, வழிய வழிய சோப்பு நுரை. அந்தத் துணிமேல் நின்ற இடத்திலேயே தபதபவென்று ஓடிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் தங்கம் வென்றவர்! துணியும் வெளுத்தாயிற்று, பயிற்சியும் ஆயிற்று.

அடுத்து காட்டுப்பக்கம் போவோம். பட்டாளத்துக்காரர் அல்லவா, கனத்த ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டே ஓடுகிறார். இருட்டிவிட்டால் கையில் டார்ச் லைட். 400 மீட்டர் விரட்டி ஓடுவது, கொஞ்சம் மெதுவோட்டம், மறுபடி 400. சில நாள் இப்படி 60 தடவை! சில சமயம் மனைவி டானாவைத் தோளில் ஏற்றிக்கொண்டும் ஓடுவாராம். இத்தனைக்கும் இவர் ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு வந்தவரே இல்லை. பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் (ஆமாம், நம் ஊர்க் கடைத்தெருவில் பார்க்கிற அதே பாட்டாதான்) வேலை பார்த்த பையனை, 1941இல் வற்புறுத்திப் பந்தயத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டாவதாக வந்துவிட்டார்!

இப்போது ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1952 ஜூலை 24. 5,000 மீட்டர் முடிந்த கையோடு மைதானத்துக்குள் போகும் வழியில் ஒதுங்கி நில்லுங்கள். கடைசி வளைவில் தலை ஒரு பக்கம் சாய, நாக்கு வெளியே தள்ள, முகம் கோணிக்கொண்டு எல்லோரையும் முந்திய மனிதர் தங்கத்தோடு வருகிறார். டானா எதிரே வருகிறார். பதக்கத்தை வாங்கி, ராசிக்கு இருக்கட்டும் என்று தன் பைக்குள் போட்டுக்கொண்டு ஈட்டி எறியப் போகிறார். முதல் எறியே 50.47 மீட்டர், தங்கம்! தன் வெற்றிதான் மனைவிக்கு உற்சாகம் கொடுத்தது என்று எமில் பிறகு பெருமையடித்துக்கொள்ள, "அப்படியா? வேறொரு பெண்ணுக்கு உற்சாகம் கொடுத்துப் பாருங்கள், 50 மீட்டர் எறிகிறாளா என்று" எனக் கேட்டாராம் டானா. இருவரும் பிறந்ததுகூட ஒரே நாள்தான்: 1922 செப்டம்பர் 19.

மூன்று நாள் கழித்து மாரத்தான். அதுவரை எமில் மாரத்தான் ஓடியதே இல்லை. பக்கத்தில் ஓடிய இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸிடம், வேகம் சரிதானா என்று வெள்ளந்தியாகக் கேட்கிறார். மெதுவாகத்தான் போகிறோம் என்று பீட்டர்ஸ் வீம்புக்குச் சொல்ல, இவர் அதை நம்பி முன்னேறிவிட்டார்! பீட்டர்ஸால் ஓட்டத்தை முடிக்கவே முடியவில்லை. வழியெல்லாம் எமில் கண்டவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடினார். இரண்டாவதாக வந்த அர்ஜென்டினாவின் கோர்னோவை எல்லைக்கோட்டில் ஆரஞ்சுச் சுளை கொடுத்து வரவேற்றார். எனக்கு அந்தச் சுளைதான் பதக்கத்தைவிடப் பிடித்திருக்கிறது.

ஹெல்சிங்கியில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றும் அவருக்கே. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்று தங்கத்தையும் வென்றவர் இன்றுவரை சாட்டோபெக் ஒருவர்தான்.