பயிர்க் காவல் துப்பாக்கியை மாற்றியமைத்தலும் அதனால் நேரும் பொறுப்பும்

காட்டையடுத்த கிராமங்களில், பயிரை அழிக்க வரும் பன்றி முதலியவற்றை வெருட்டும்பொருட்டு லைசென்ஸ் பெற்ற வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைச் சில குடியானவர்கள் நெடுங்காலமாய் வைத்திருப்பதுண்டு. சுமக்கக் கனமாயிருக்கிறதென்று அதன் குழலைக் குறைப்பதும், பழுதான உறுப்பை வேறொன்றால் மாற்றுவதும் உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் அரை நாளில் முடியும் வேலையென்று கருதப்படுகின்றன. சட்டம் அவ்வாறு கருதுவதில்லை.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, துப்பாக்கியைச் செய்வதற்கு மாத்திரமன்று, பழுது பார்ப்பதற்கும், மாற்றியமைப்பதற்கும், சோதித்துப் பார்ப்பதற்குங்கூடத் தனி லைசென்ஸ் வேண்டும். 6-வது பிரிவு லைசென்ஸின்றிக் குழலைக் குறைப்பதைத் தனியே எடுத்துரைத்து விலக்குகிறது. எத்தனை அங்குலம் குறைத்தாலும் குற்றமே. 2019-ம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பின் இக்குற்றங்களுக்குரிய தண்டனை ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம், அஃது ஆயுள் வரையிலும் நீளலாம், அபராதமும் உண்டு. வேலை செய்த கொல்லன் மாத்திரமன்றி, அதைச் செய்வித்த உடைமையாளரும் உடந்தையாளராக வழக்கில் சேர்க்கப்படக்கூடும். பயிர்க் காவலுக்கென்று பெற்ற லைசென்ஸ் இதற்குச் சமாதானமாகாது. அந்த லைசென்ஸ் காட்டு மிருகத்தைக் கொல்வதற்கும் அனுமதியன்று. அது 1972-ம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைச் சார்ந்த வேறு விஷயம்.

இத்துணைக் கடுமைக்குக் காரணம் குழலின் தன்மையிலேயே உள்ளது. கருமருந்து எரிந்தபின் எஞ்சும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மருந்து வெடிக்கும் அடிப்பாகத்திலேயே அழுத்தம் மிகுதி. ஆனால் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் அடிப்பாகம் திருகாணியால் அடைபட்டிருப்பதால், அங்குள்ள அரிப்பு வாய்ப்புறமிருந்து பார்ப்போர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வெளியே எண்ணெய் பூசிப் பளபளக்கும் குழல் உள்ளே குழிகுழியாயிருக்கலாம். அதனை உலையிலிட்டுக் காய்ச்சினால் இரும்பின் பதம் மாறி உறுதி மேலும் குன்றும். தோட்டாவிலிருந்து எடுத்த புகையிலா மருந்தைக் கருமருந்துக்குப் பதிலாக இடுவதோ எல்லாவற்றிலும் கொடியது. அதன் அழுத்தத்தைத் தாங்கும்படி அப்பழங்குழல்கள் செய்யப்பட்டவையல்ல. அக்குழல் பிளக்குமாயின், அதனைத் தாங்கிப் பிடித்த கைவிரல்களும், அடுத்துள்ள முகமும் கண்ணுமே முதலில் சேதமாகும்.

மரத்தில் கட்டிக் கயிற்றால் விசையை இழுத்து ஒருமுறை சுட்டுப் பார்த்து, வெடிக்கவில்லையாதலால் பழுதில்லையென்று தீர்மானிப்பாருமுண்டு. இது சோதனையாகாது. உள்ளே உண்டான வெடிப்பு அடுத்த வேட்டில் விரியலாம். முறையான சோதனையில், குழலை முன்னதாக ஆராய்ந்து, வழக்கத்திற்கு மிகுந்த அழுத்தத்தில் சுட்டு, பின்னரும் புடைப்போ விரிசலோ உண்டாவென்று பார்த்து, தேறியதில் முத்திரையிடுவர். ஐரோப்பிய தேசங்கள் பல ஒப்புக்கொண்ட விதிப்படி, தோட்டாவிட்டுச் சுடும் வரியில்லாக் குழல்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தினும் மிகுதியாகச் செலுத்திப் பார்க்கின்றனர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துச் சோதனைச்சாலை 1813-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. உறுதி குன்றும்படி மாற்றப்பட்ட துப்பாக்கி அந்நாட்டில் பழைய முத்திரையின் பயனை இழந்துவிடும். மறுபடி சோதித்தாலன்றி விற்கலாகாது.

கூட்டுக் குடும்பத்தார் 35-வது பிரிவைக் கவனித்தல் நலம். பலர் சேர்ந்து வசிக்கும் இடத்தில் குற்றத்திற்குட்பட்ட ஆயுதம் அகப்பட்டால், அஃது அங்கிருப்பதை அறிந்திருந்தாரென்று நம்ப இடமுள்ள ஒவ்வொருவரும், மாறாக ரூபிக்கப்பட்டாலன்றி, பொறுப்பாளியாவர். அஜாக்கிரதையால் மரணம் விளைந்தால், 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதையின் 106-வது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை சிறைவாசம் தனியே உண்டு.

பழுதுள்ள துப்பாக்கியை லைசென்ஸுடன், பழுது பார்க்கும் உரிமை பெற்ற வியாபாரியிடமே ஒப்புவித்து ரசீது பெறவேண்டும். லைசென்ஸ்தார் இறந்துவிட்டால், தமக்கென லைசென்ஸில்லாத வாரிசுகள் தாமதமின்றித் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமை பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தல் வேண்டும். பட்டறையில் இவ்வேலை நடப்பதை அறிந்த கிராம அதிகாரி, 36-வது பிரிவின்படி அதனை அடுத்துள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கோ மாஜிஸ்ட்ரேட்டுக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தகுந்த காரணமின்றி மற்றக் குடிகளும் இக்கடமையினின்று விலக்குப் பெறார்.