கேட்டு வந்தவர்கள் – 9: அந்த நாற்பது பேர் யார்?

சென்ற வாரக் கட்டுரையில், ஊரில் பலரிடம் கேட்டு வந்த பிள்ளைகளை எண்ணிக்கையோடு விட்டிருந்தேன். கேள்விப் பாரங்களை அடுக்கி, வெள்ளைப் பலகையில் ஐந்தைந்து கோடாகப் போட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று கூட்டி முடித்திருந்தார்கள். முக்கியக் கேள்வி: வீட்டில் தம்பி தங்கையோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள்? ஜொகூரின் பொந்தியானில் படிவம் 2 முதல் 4 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி. பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், பாட்டியிடம் தமிழ். தம்பியிடம் எது என்பது அவர்களுக்கே தெளிவில்லை.

கண்டதை மற்றவருக்குச் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொருவராக எழுந்து தாளைப் பார்த்து வாசித்தார்கள். "இவ்வாய்வில் கலந்துகொண்டோரில் பெரும்பான்மையினர்..." என்று தொடங்கி மூச்சு விடாமல் முடித்தார்கள். அவ்வளவு அலைந்து கேட்டு வந்த பிள்ளைகளின் குரலில் அந்த அலைச்சல் துளியும் இல்லை. மூன்றாவது பிள்ளை வாசிக்கும்போது கடைசி வரிசை ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டது.

தாள்களை வாங்கி வைத்துவிட்டு இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டேன். நடுவில் ஒரு கைப்பேசி, ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் அறிவிப்பாளர், மற்றவர் ஆய்வு செய்தவர். நேரம் மூன்று நிமிடம். கையில் தாள் கூடாது. எண்கள் மறந்துபோகாமல் இருக்க உள்ளங்கையளவு அட்டை ஒன்று போதும்.

வானொலி இவர்களுக்குப் புதிதல்ல. அம்மா சமைக்கும்போது மின்னல், அண்ணன் காரில் ராகா, சிங்கப்பூர் பக்கமிருந்து ஒலி 96.8. பேட்டி எப்படி நடக்கும் என்பது காதில் ஊறியிருக்கிறது. அதனால்தான் இந்த வழியைப் பிடித்தேன்.

முதல் மாற்றம் நான் எதிர்பாராத இடத்தில் வந்தது. வெளியே 'வாடா, போடா' என்று பேசிக்கொள்ளும் இருவர், பதிவு ஓடத் தொடங்கியதும் 'நீங்க' என்று மாறினார்கள். அந்த 'நீங்க'வோடு முதுகும் நிமிர்ந்தது. பதில் சொல்பவன் தன்னை விவரம் தெரிந்தவனாக உணர்ந்தான். கேட்பவனுக்கும் இனி விளையாட்டாகக் கேட்க முடியவில்லை.

காதுக்காகப் பேசுவது தனிப் பயிற்சி. வாசிப்பவர் புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்று இதற்கென்றே தமிழில் ஒரு நூல் எழுதினார். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆராய்ச்சி முடிவு பேச்சாக மாறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தஞ்சைப் பக்கம் ஓர் உதாரணம் உண்டு. 1960களில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகள் வழியே பரவிய ஆடுதுறை 27 ரகத்தை, உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள்.

எண்ணைக் காதுக்கு மாற்றிப் பார்ப்போம். 40 பேரில் 26 பேர் ஒரே பதிலைச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். தாளில் 65 விழுக்காடு. காதுக்கு 'மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர்' என்றால் உடனே ஆள் தெரிகிறது. இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தேன். குலுக்கல் போல ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலே முடிவு மூன்று புள்ளி வரை முன்பின் ஆகலாம். நாற்பது பேர் என்றால் பதினைந்து புள்ளி. அந்த 65, ஐம்பதாகவும் இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம். ஆகவே 'பொந்தியானில் 65 விழுக்காட்டினர்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. 'நாங்கள் கேட்ட நாற்பது பேரில்' என்றுதான் சொல்ல முடியும்.

ஒரு பையன் "12.5 விழுக்காட்டினர் தாத்தா பாட்டியிடமும் மலாயில் பேசுறாங்க" என்றான். அறிவிப்பாளராக இருந்த பெண் விடவில்லை.

"எத்தன பேர கேட்டீங்க?"

"எட்டு பேர."

"அப்போ அது ஒரு ஆளுதானே?"

"ஆமா." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னான்: "என் தம்பி."

அறை அமைதியாகிவிட்டது. விழுக்காட்டுக்குப் பின்னால் அவன் வீட்டுக் கூடம் இருந்திருக்கிறது. தாளில் எழுதியிருந்தால் எனக்கு அது கடைசிவரை தெரிந்திருக்காது.

அடுத்த கேள்வி, "எங்க கேட்டீங்க?" இங்கே தவறு என்னுடையது. முதல் சுற்றில், வசதியாக இருக்கும் என்று, வெள்ளிக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் ஒரு கோயில் வாசலில் பிள்ளைகளை நிறுத்தினேன். தமிழ் என்ற பதில் குவிந்தது. குவியத்தானே செய்யும்? இதே பிழையைப் பெரிய அளவில் செய்தது அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ். 1936 அதிபர் தேர்தலுக்கு முன், தொலைபேசி வைத்திருந்தோர், கார் பதிவு செய்திருந்தோர் போன்றவர்களின் பட்டியல்களிலிருந்து பெயர் எடுத்து, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தாங்களாகவே இரவுச் சந்தை, பேருந்து நிலையம், வீடுவீடாகப் போவது என்று இடங்களைப் பட்டியலிட்டார்கள்.

வீடுவீடாகப் போய் வந்த பிறகு எடுத்த பதிவை நான் பலமுறை போட்டுக் கேட்டிருக்கிறேன். பதில் சொன்னவள் படிவம் 3 மாணவி. அவள் தந்தை விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கிளம்பி, 1998-இல் திறந்த துவாஸ் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்.

"எந்த நேரத்துல போனீங்க?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"யாரு கதவ தொறந்தாங்க?"

"அம்மாங்கதான். பாட்டிங்க." பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள்: "எங்கப்பா மாதிரி ஆளுங்கள நாங்க கேக்கல. அந்த நேரத்துல அவங்க பாலத்துல ஜேம்ல நிப்பாங்க."

"அப்போ அவங்கள எப்போ கேக்கலாம்?"

இந்தக் கேள்வி அட்டையில் இல்லை. அவள் யோசித்தாள். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனிதான் வார விடுமுறையாக இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கு ஞாயிறு. பிள்ளை வீட்டில் இருக்கும் நாளில் அப்பா இல்லை, அப்பா இருக்கும் நாளில் பிள்ளைக்குப் பள்ளி. 2025 ஜனவரியில் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகுதான் இருவருக்கும் ஒரே நாள் கிடைத்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழம காலையில," என்றாள். "பத்து மணிக்கு மேல. அதுக்கு முன்ன தூங்குவாரு."

வரும் ஞாயிறு பத்தரைக்குக் கிளம்புகிறோம்.