மெரிட் ஏரிக்கரையில் சைக்கிளுக்கு ஒரு தனி வழி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக்லண்ட் நகரின் நடுவே இருக்கிறது மெரிட் ஏரி. பெயர்தான் ஏரி; உண்மையில் கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி. 1870-லேயே பறவைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுற்றிவர ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர். கரையோர நடைபாதையில் நடப்பவர், ஓடுபவர், குழந்தை வண்டி தள்ளுபவர் எனக் கூட்டம். அதில் சைக்கிளும் நுழைந்தால் நெரிசல். சாலையில் இறங்கினால் கார்கள். தடுப்புள்ள தனிப் பாதை கேட்பதற்கு இதுவே காரணம்.

வெள்ளைக் கோடு போட்டால் போதாதா? போதாது. நிறுத்தியிருக்கும் கார்களுக்கும் ஓடும் கார்களுக்கும் இடையில்தான் அந்தக் கோடு பெரும்பாலும் ஓடும். ஓட்டுநர் சட்டென்று கதவைத் திறந்தால் சைக்கிள்காரர் அதில் மோதுவார், அல்லது விலகிப் பின்னால் வரும் வண்டியின் முன் விழுவார். தடுப்புள்ள அமைப்பில் வரிசை மாறுகிறது: நடைபாதை ஓரம், சைக்கிள் பாதை, சிறு இடைவெளி, அதன் பிறகே கார் நிறுத்தம். அந்த இடைவெளியை மிச்சம் பிடிக்கக் கூடாது. காரின் மறுபக்கக் கதவும் திறக்கும் அல்லவா?

இப்படிப் பாதை போட ஏரிக்கரைக்கு ஒரு வசதி உண்டு: தண்ணீர்ப் பக்கம் குறுக்குத் தெருக்கள் அதிகம் இல்லை. நகரச் சைக்கிள் விபத்துகளில் பெரும்பங்கு சந்திப்புகளில் நேர்வதால் இது சிறிய லாபமல்ல.

சாலை குறுகிவிடும் என்பது வழக்கமான எதிர்ப்பு. ஆனால் ஏரியின் தென்முனையில் 12-ஆம் தெரு ஒரு காலத்தில் 12 தடங்கள் கொண்டிருந்தது. 2002-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன்பத்திர நிதியில் அதைக் குறுக்கி, பூங்காவும் நடை, சைக்கிள் பாதைகளும் அமைத்தார்கள்.