குப்பி கறுத்தால் என்ன அர்த்தம்?

தருமபுரியில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பல்லில்தான் போய் நிற்கும். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரையே குடித்து, காவி படிந்த பற்களோடு வளர்ந்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததும் அதற்காகத்தான்.

ஃபுளோரைடு சிரித்தால் தெரிந்துவிடும். கிருமி அப்படித் தெரியாது. அந்தத் திட்டத்தில் காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்பினாலும், வழியில் குழாய் விரிசல்விட்டுச் சாக்கடை கசிந்தாலோ, மேல்நிலைத் தொட்டியைக் கழுவாமல் விட்டாலோ, குடத்தில் விழும் தண்ணீர் பார்வைக்குப் பளிங்காகத்தான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கிராமங்களில் பயன்படுத்துவது எச்டூஎஸ் குப்பி. உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த ஒரு தாள் துண்டு. குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் பிடித்து, மூடி, ஓர் இரவு வைத்துவிட வேண்டியதுதான். தண்ணீர் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரச் சொல்லியிருப்பது இதுபோன்ற எளிய கருவிகளை நம்பித்தான்.

இது நம் நாட்டுச் சரக்கு. குவாலியரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் 1982இல் வெளியிட்ட முறை. தாளில் கிருமிக்குத் தீனியாகப் பெப்டோன் இருக்கிறது. கூடவே தயோசல்பேட், இரும்பு உப்பு, வேண்டாத கிருமிகளை அடக்கிவைக்கக் கொஞ்சம் சோப்புத் திரவம். குடலிலிருந்து வரும் சில பாக்டீரியாக்கள் தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு (எச்டூஎஸ்) வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயு. அது இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று இரும்பு சல்பைடு. இன்குபேட்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தருமபுரி வெக்கை போதும். மார்கழிக் குளிரில் மட்டும் கூடுதல் நேரம் பொறுக்க வேண்டும்.

ஆக, நிறம் கிருமியுடையது இல்லை. கிருமி எதைத் தின்றது, தின்று எதைக் கழித்தது என்பதன் தடயம் அது. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும், வண்ணம் மாறும் ஊடகங்கள் பெரும்பாலானவற்றின் சூட்சுமம் இதுதான். ஆல்ஃபிரெட் மெக்கான்கி 1905இல் எழுதிய கட்டுரையில் விவரித்து, அவர் பெயராலேயே இன்றும் வழங்கும் மெக்கான்கி அகரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பித்த உப்பு இருப்பதால் குடல்வாசிகளுக்குத்தான் இடம். பால் சர்க்கரையும், அமிலம் பட்டால் சிவக்கும் நியூட்ரல் ரெட் சாயமும் உண்டு. ஈ. கோலை அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலம் விடும். அதன் திட்டுகள் ரோஜா நிறமாகும். டைபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லாவுக்குப் பால் சர்க்கரை ஆகாது, நிறமில்லாமல் நிற்கும். சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க மருத்துவமனையில் ‘கல்ச்சர்’ எழுதிக் கொடுக்கிறார்களே, அங்கே முதலில் கவனிக்கப்படுவது பெரும்பாலும் இந்த நிற வேறுபாடுதான். காலராவுக்கு வேறு தட்டு. அதில் காலராக் கிருமி கரும்புச் சர்க்கரையைப் புளிக்கவைத்து மஞ்சளாக முளைக்கும்.

ஒரு கிளைக்கதை. இவற்றையெல்லாம் கட்டியாக நிறுத்தும் அகர், கடற்பாசிச் சரக்கு. ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்கு 1880களின் தொடக்கத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே. ஜாம் செய்யும் அடுப்படி அனுபவத்திலிருந்து வந்த யோசனை. நம் மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தரும் பாசிதான்.

குப்பிக்கு வருவோம். அது கறுத்தால் ஈ. கோலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். சரியில்லை. ஈ. கோலை பொதுவாக இந்த வாயுவை விடுவதே இல்லை. கறுக்கவைப்பவை சிட்ரோபாக்டர், சால்மோனெல்லா, புரோட்டியஸ் போன்ற அதன் கூட்டாளிகள். கழிவே கலக்காத கிணற்றிலும், நிலத்தடியில் இயற்கையாக சல்பைடு இருந்தால் குப்பி கறுக்கும். கறுக்காமல் இருந்தால் தண்ணீர் சுத்தம் என்ற உத்தரவாதமும் இல்லை. 2002இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக நடந்த மதிப்பாய்வு, இந்த முறையை முழுதாக நம்ப ஆதாரம் போதாது என்றே சொன்னது. குப்பி கறுத்த தண்ணீர் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் மாதிரியான இடத்துக்குப் போக வேண்டும். அங்கே வேறு சாயம் கலந்த மெக்கான்கி திரவத்தின் ஊதா நிறம் மஞ்சளாகிறதா, உள்ளே கவிழ்த்துவைத்த சின்னக் குழாயில் வாயு சேர்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் முதல் படிதான். ஈ. கோலை என்று உறுதி செய்ய 44 டிகிரிச் சூட்டில் மறுபடி வளர்க்க வேண்டும். குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி.

இத்தனை குறை இருந்தும் குப்பியை நான் விடச் சொல்லமாட்டேன். ஆய்வக முடிவு வரச் சில நாட்கள் ஆகும். குப்பி மறுநாளே சொல்லிவிடும். தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, குளோரின் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஒரு குப்பி வைக்கலாம். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். ஆனால் இன்னும் போர்வெல்லை நம்பியிருக்கும் வீடுகளில் ஒன்றை மறக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குளோரினும் அதைத் தொடாது. ஃபுளோரைடுக்கான சோதனை, கிராமத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியில் தனியாக இருக்கிறது.